ஸ்கேனுக்கு முன்பே தொடங்க வேண்டிய சோதனை

செபராங் பிறையில் ஜுருவிலும் சிம்பாங் அம்பாட்டிலும் உள்ள நம் குடும்பங்கள், ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்த பிறகுதான் மூச்சு விடுகின்றன. இதயத்தில் நான்கு அறைகள் இருக்கின்றன, முதுகெலும்பு மூடியிருக்கிறது, கை கால் அசைகிறது என்று மருத்துவர் சொன்னால் போதும். அன்று சாயங்காலமே பெயர் தேடும் பேச்சு தொடங்கிவிடும். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கப்படும் இந்த விரிவான ஸ்கேன் தேவையானதுதான். ஆனால் அது முன்பே நடந்து முடிந்ததைக் காட்டுகிறதே தவிர, எதையும் தடுப்பதில்லை.

கரு உருவான 28 நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. எட்டு வாரத்துக்குள் இதயத்தின் அடிப்படை அமைப்பு முடிந்துவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், ‘இருக்குமோ’ என்று சோதித்துப் பார்த்து, வேலையிடத்தில் விடுப்பு கேட்டு, கிளினிக்கில் முதல் பதிவு செய்யும்போது பெரும்பாலும் இந்த நாட்கள் கடந்துபோயிருக்கும்.

கருவின் உறுப்புகளைக் கெடுக்கும் பொருள் என்றதும் தாலிடோமைட் நினைவுக்கு வரும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட அந்த மாத்திரையால் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் குறுகிய கைகால்களுடன் பிறந்தார்கள். ஜுருக்காரர்களுக்கு இன்னொரு அச்சமும் பழக்கம். 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஜுரு ஆற்றில் கலந்து, கோல ஜுரு மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாகத் தாயை அடைந்து கருவைத் தாக்கும் என்பதை ஜப்பானின் மினமாத்தா உலகுக்குக் காட்டியிருக்கிறது. இந்தக் கண்காணிப்பு தளரக் கூடாது.

இருந்தாலும், மலேசிய இந்தியக் குடும்பங்களில் பிறவிக் குறைக்குக் காரணமாகக்கூடிய ஒன்று ஆற்றிலோ ஆலையிலோ இல்லாமல் ரத்தத்திலேயே இருக்கிறது. அது இனிப்புநீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. நாடு முழுதும் கணக்கிட்டால் நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கரு தரிக்கும் நேரத்தில் தாயின் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால், இதயக் குறையும் முதுகெலும்புக் குறையும் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.5க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பதே நல்லது என்கிறது மருத்துவம்.

நம் கிளினிக்குகள் இதை எப்போது பார்க்கின்றன? கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகம் கைக்கு வந்த பிறகு. வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளூக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குமட்டக் குமட்டக் குடித்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி ரத்தம் கொடுக்கிறாள் கர்ப்பிணி. பிரசவச் சிக்கலைக் குறைக்க இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் இதயம் உருவாகி முடிந்த பிறகு வரும் எச்சரிக்கையால் அந்த இதயத்துக்குப் பயனில்லை.

தனியார் மருத்துவமனைகள் விளம்பரப்படுத்தும் மரபணு ரத்தச் சோதனையும் இங்கே கைகொடுக்காது. அது டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் கோளாறுகளைத்தான் தேடுகிறது. அதில் ‘சரி’ என்று வந்ததும் எல்லாமே சரி என்று நிம்மதியடைகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மருந்துகளின் கதையும் இதுதான். வலிப்பு நோய்க்கான வால்புரோவேட் உட்கொள்ளும் தாய்மார்களுக்குப் பிறக்கும் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை இருக்கிறது. முகப்பருவுக்கான ஐசோட்ரெடினோயின் அதைவிடக் கொடியது. பாதரசம் கலந்த முகம் வெளுக்கும் கிரீம்களின் பெயர்களைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அடிக்கடி அறிவித்தாலும், அவை பாசார் மாலாம் கடைகளிலும் இணையத்திலும் வேறு டப்பாவில் திரும்பி வருகின்றன. (வலிப்பு மாத்திரையைப் பயந்துபோய் தானாக நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து; மருத்துவரோடு பேசி, கருத்தரிப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.)

இப்படியெல்லாம் சொல்வது பழியைத் தாயின் தலையில் சுமத்துவதாகாதா? தாமதம்தான் பழியைச் சுமத்துகிறது. குறை தெரிந்த பிறகு அவளுக்குள்ள வழிகள் மிகக் குறைவு. தாயின் உயிருக்கோ, உடல் மன நலத்துக்கோ உள்ள ஆபத்தை வைத்துத்தான் குற்றவியல் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருக்கலைப்பை அனுமதிக்கிறது; கருவின் குறை அதில் தனிக் காரணமாக இல்லை. உறவினரின் ‘நீ என்ன சாப்பிட்டே?’ என்ற கேள்வி மட்டும் தவறாமல் வந்து சேரும்.

ஆகவே முதல் சோதனை கல்யாணத்தை ஒட்டி வர வேண்டும். இது புதுமையான யோசனையல்ல. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடக்கிறது. முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முன் எச்ஐவி சோதனை இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு ஏற்கெனவே சட்டத்திலேயே உள்ளது: 1976 திருமண, மணவிலக்குச் சட்டப்படி மனுக் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். மனு வாங்கும் மேசையிலேயே ஹெச்பிஏ1சி சோதனைக்கான இலவசச் சீட்டும், ஃபோலிக் அமில மாத்திரை அட்டையும், உட்கொள்ளும் மருந்துகளைக் காட்டி ஆலோசனை பெறும் கடிதமும் கொடுத்தால் என்ன? ஃபோலிக் அமிலத்தின் பயன் கேள்விக்கு அப்பாற்பட்டது. முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மார்களிடம், கருத்தரிப்பதற்கு முன்பே அதைக் கொடுத்ததில் மறுபடி அக்குறை வருவது 72 விழுக்காடு குறைந்ததாக 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

இதைக் கட்டாயமாக்கக் கூடாது. சோதனை முடிவு மணப்பெண்ணின் கையில் மட்டும் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் ‘பெண்ணுக்கு இனிப்புநீராம்’ என்று சம்பந்தத்தை முறிக்கும் ஆயுதமாகிவிடும். நம் ஊரை நமக்குத் தெரியாதா?

ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரை வாங்கும் இளம்பெண்களிடம், குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று ஒவ்வொரு வருகையிலும் தாதியர் கேட்பதும் வழக்கமாக வேண்டும். கருத்தரிப்புக்கு முந்திய பராமரிப்புச் சேவை சுகாதார அமைச்சிடம் இருக்கிறது; அது இருப்பதை மணமேடை ஏறப்போகிறவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. திருமணப் பதிவு நடக்கும் ஆலயங்கள் இங்கே இருக்கின்றன. புத்ராஜெயாவின் சுற்றறிக்கைக்குக் காத்திராமல், பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் மாநிலச் சுகாதாரத் துறையும் செபராங் பிறையில் ஓர் ஆலயத்தின் பதிவு மேசையில் இந்தத் தை மாத முகூர்த்தங்களுக்கே இதைத் தொடங்கலாம்.