இரத்தக் கொதிப்பும் இனப் புரட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பு மக்களுக்கு இரத்தக் கொதிப்பு அதிகம் என்பது யாரும் மறுக்க முடியாத சங்கதியாகும். 2017, 2018 ஆகிய வருஷங்களில் அந்நாட்டுச் சர்க்கார் எடுத்த கணக்குப்படி, வயது வந்த கறுப்பரில் நூற்றுக்கு 57 பேருக்கும் வெள்ளையரில் நூற்றுக்கு 44 பேருக்கும் இந்நோய் இருந்தது. இது முற்றினால் பாரிச வாயு வரும், இருதயம் தளரும், சிறுநீரகம் கெடும். எத்தனையோ குடும்பங்களில் சம்பாதித்துப் போடுகிறவன் நாற்பதிலும் ஐம்பதிலும் படுக்கையில் விழுகின்றான் என்பதுதான் இந்த 13 பேர் வித்தியாசத்தின் பொருள்.

நிற்க, இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், “அது அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது” என்று ஒரு பதில் தயாராக வைத்திருக்கின்றார்கள். படித்தவர்களும் சொல்லுகின்றார்கள். இதற்கு ஒரு கதையும் உண்டு. அடிமைகளாகப் பிடிக்கப்பட்டுக் கப்பலில் அடைக்கப்பட்ட ஆப்பிரிக்கர் வாந்தியாலும் பேதியாலும் வியர்வையாலும் உப்பை இழந்து மாண்டார்களாம். உடம்பில் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையுள்ளவர் மாத்திரம் பிழைத்துக் கரையேறினார்களாம். அவர்கள் சந்ததிக்கு அந்த உப்பே இப்போது எமனாக வந்திருக்கின்றதாம். 2007-இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில்கூட இக்கதை சொல்லப்பட்டது. ஆனால் அதற்கு 15 வருஷங்களுக்கு முன்பே, 1992-இல், அடிமை வியாபாரத்தின் சரித்திரத்தை ஆராய்ந்த பிலிப் கர்ட்டின் என்பவர் இதற்குச் சரித்திரத்தில் ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். ஆதாரம் போய்விட்டதற்காகக் கதை போய்விடுமா? புராணம் படித்த நாட்டாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இரத்தந்தான் காரணமென்றால், அதே இரத்தமுள்ளவர்களுக்கு எங்கே இருந்தாலும் அதே அளவு நோய் இருக்க வேண்டும் அல்லவா? இதை ரிச்சர்டு கூப்பர் என்ற சிக்காகோ வைத்தியரும் அவர் கூட்டாளிகளும் நேரே போய்ப் பார்த்தார்கள். நைஜீரியா, கேமரூன், ஜமைக்கா, செயின்ட் லூசியா, பார்படோஸ், சிக்காகோவை அடுத்த ஓர் ஊர் ஆகிய இடங்களில், மேற்கு ஆப்பிரிக்க வழியில் வந்த சுமார் 10,000 பேரை ஒரே முறையில் அளந்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 16, கரீபியன் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. (அப்போது 140-க்கு மேற்பட்டதையே நோய் என்றார்கள், 2017-இல் அமெரிக்க வைத்தியர்கள் அதை 130 ஆக்கினார்கள். மேலே சொன்ன 57 அந்தக் கணக்கில் வந்தது.) பாட்டன் ஒருவன், பேரன்மார் இருக்கும் இடத்தைப் பொறுத்து நோய் இரட்டிப்பாகின்றது. கடலைத் தாண்டியதும் இரத்தம் மாறிற்றா, அல்லது தின்னும் உணவும், உடம்பின் பருமனும், செய்யும் வேலையும், படும் அவமானமும் மாறினவா?

வெள்ளையர் கதையைப் பார்ப்போம். அதே கூட்டத்தார் பிற்காலத்தில் வெளியிட்ட கணக்கில், 140 என்ற பழைய அளவின்படியே, ஜெர்மனியில் நூற்றுக்கு 55 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. நைஜீரியாவில் சுமார் 14 பேருக்குத்தான். இதைப் பார்த்து “ஜெர்மானிய இரத்தமே கொதிக்கும் இரத்தம், அது பிறவிக் கோளாறு” என்று எந்தப் பண்டிதராவது புத்தகம் எழுதினாரா? ஜெர்மானியனுக்கு வந்தால் சாப்பாட்டிலும் பழக்கத்திலும் காரணம் தேடுகின்றார்கள். கறுப்பனுக்கு வந்தால் பிறப்பில் தேடுகின்றார்கள்.

இன்னொரு ஆராய்ச்சி நம் நாட்டாருக்கு நன்றாக விளங்கும். போர்ட்டோ ரீக்கோத் தீவில் ஒரு நகரத்தில் ஜனங்களின் தோல் எவ்வளவு கறுப்பு என்பதைக் கருவி வைத்து அளந்தார்கள். ஊரார் அந்த ஆளை எந்த நிறத்தவனாக மதிப்பார்கள் என்பதைத் தனியாகக் கணக்கிட்டார்கள். 2005-இல் வந்த முடிவு என்னவென்றால், கருவி காட்டிய கறுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தம் காணப்படவில்லை. ஊரார் மதிப்புக்கும் ஆளின் அந்தஸ்துக்கும் சம்பந்தம் காணப்பட்டது. ஒருவனைப் பார்த்தவுடனே இன்ன ஜாதி என்று எடை போட்டுத் திண்ணையில் நிறுத்துவதா, உள்ளே விடுவதா என்று தீர்மானிக்கும் நாட்டில் பிறந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. ஆனால் அந்த எடை போடுதல் இரத்தக் குழாய் வரையில் போகக்கூடும் என்பது கவனிக்கத் தக்கது.

பிறவி வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. சில மருந்துகள் சராசரியில் கறுப்பருக்குச் சற்றுக் குறைவாகவும் வேறு சில அதிகமாகவும் வேலை செய்வதாக வைத்தியர்கள் கண்டிருக்கின்றார்கள். அதை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆனால் சராசரி என்பது கூட்டத்தின் கணக்கு. வைத்தியரின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் கூட்டமல்ல, ஓர் ஆள். அவன் தோலைப் பார்த்து அவன் உடம்பைச் சொல்லிவிடலாம் என்பது கைரேகை ஜோசியத்தைச் சேர்ந்தது.

இந்த ஜோசியத்தில் பணமும் இருக்கின்றது. இருதயத் தளர்ச்சிக்கு ‘பைடில்’ என்ற மாத்திரையை 2005-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்கச் சர்க்கார் கறுப்பருக்கென்றே அனுமதித்தது. அதிலுள்ளவை இரண்டும் பழைய, மலிவான மருந்துகள். தங்களைக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்ட 1,050 பேரிடம் சோதித்தார்கள். சாவு குறைந்தது உண்மை. மற்ற இனத்தாரைச் சோதனையில் சேர்க்கவே இல்லை. பிறகு அவர்களுக்கு அது பயன்படாது என்று எப்படித் தெரியும்? எல்லோருக்கும் என்று பெற்ற பழைய காப்புரிமை 2007-இல் முடிவதாக இருந்தது. கறுப்பருக்கு என்று பெற்ற புதியது 2020 வரையில் நீடித்தது. மருந்தில் இல்லாத இனம் காகிதத்தில் எப்படி வந்தது என்பது இப்போது விளங்கும்.

இரத்தத்தின் மேல் பழி போட்டுவிட்டால் யாரும் பொறுப்பாளியல்ல. காய்கறி கிடைக்காத பேட்டைக்கும், வைத்தியர் இல்லாத தெருவுக்கும், கறுப்பன் சொன்னால் நம்பாத ஆஸ்பத்திரிக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பொறுப்பு எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தாய்விட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ரொனால்டு விக்டர் என்ற வைத்தியர் கறுப்பர் நடத்தும் 52 சவரக் கடைகளைத் தேர்ந்தெடுத்தார். அங்கே வழக்கமாக வரும் நோயாளிகள் 319 பேர். ஒரு பகுதிக் கடைகளில் மருந்தாளர்களே வந்து, நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அழுத்தம் பார்த்து, அவருடைய வைத்தியரின் சம்மதத்தோடு மருந்து கொடுத்தார்கள். மற்றக் கடைகளில் கடைக்காரர் புத்திமதி சொல்லி வைத்தியரிடம் அனுப்பினார். ஆறு மாதத்தில், மருந்து கொடுத்த கடைகளில் மேல் அழுத்தம் 27 புள்ளி இறங்கிற்று. புத்திமதி சொன்ன கடைகளில் 9 புள்ளி இறங்கிற்று. நோய் கட்டுக்குள் வந்தவர் முதலாவதில் நூற்றுக்கு 64 பேர். இரண்டாவதில் 12 பேர். இரு பக்கத்தாரும் கறுப்பரே. இது 2018-இல் வெளியாயிற்று.