இலையை வீணாக்கலாமா?

எலுமிச்சம் பழம் என்றால் எல்லோருக்கும் ஆசை. எலுமிச்சை இலை என்றால் யாருக்கும் அக்கறை இல்லை. ஆடு தின்னும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். இது சரியல்ல.

மேல்நாடுகளில் "தைம்" என்று ஒரு செடி உண்டு. அதில் ஒரு வகைக்கு எலுமிச்சை மணம். அங்குள்ளவர்கள் அதைத் தொட்டியில் வளர்த்து, மீனுக்கும் கோழிக்கும் போட்டுச் சமைக்கிறார்கள். இங்கேயும் பெரிய கடைகளில் தைம் இலை புட்டியில் விற்கிறது. வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால், அந்த மணங்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன!

எப்படி?

தைம் செடிக்கு மணம் தருவது "தைமால்" என்ற பொருள். நம் ஓமத்திலும் அதே பொருள்தான் இருக்கிறது. ஓமத்தோடு எலுமிச்சை இலையைச் சேர்த்தால்? அதுதான் நம் பாட்டிமார் இடித்த வேப்பிலைக்கட்டி!

பெயர்தான் வேப்பிலைக்கட்டி. அதில் வேப்பிலை ஒன்றுகூடக் கிடையாது. நாரத்தை இலை 2 பங்கு, எலுமிச்சை இலை 1 பங்கு. கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். நடு நரம்பைக் கிழித்து எறிய வேண்டும். வறுத்த மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு, கொஞ்சம் புளி சேர்த்து இடிக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. உருட்டி ஜாடியில் வைத்தால் பல நாள் கெடாது. மோர் சாதத்துக்கு வேறு என்ன வேண்டும்?

யாருக்கு நேரம்?

"இடிக்க யாருக்கு நேரம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலைக்குப் போய் வரும் பெண்ணை, "உரலில் இடி" என்று நான் சொல்லவில்லை. மிக்சி இருக்கிறது. நரம்பு கிழிப்பதுதான் பெரிய வேலை. அதை ஆண்களும் பிள்ளைகளும் செய்யலாமே!

மரம் வைக்க இடம் இல்லையா? பெரிய தொட்டி போதும். நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. விதை போட்டு வளர்த்த கன்று காய்க்கச் சில வருடங்கள் ஆகும். இலைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

பறவை எச்சம் போல ஒரு புழு இலையைத் தின்னும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்துப் போடுங்கள். மருந்து அடிக்காதீர்கள். நாம் சாப்பிடும் இலை அல்லவா?

கன்று எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். கைப்பக்குவம் அப்படிக் கிடைக்காது. அது வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதி வைத்துக்கொள்ளட்டும்!