இல்லமும் அறிவியலும்: பம்பின் வேகத்தை யாரிடம் ஒப்படைப்பது?



கணினி இன்று நம் இல்லங்களில் கல்விக்கும் தொழிலுக்கும் உற்ற துணையாகிவிட்டது. படத்தொகுப்பு, கட்டட வரைபடம் போன்ற கடும் பணிகளைச் செய்யும் கணினியில், செயலியும் வரைகலை அட்டையும் சேர்ந்து 300 வாட் அளவிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் வெப்பத்தை உமிழ்கின்றன. இவ்வெப்பத்தை நீரைக் கொண்டு அகற்றும் முறையைப் பலர் நாடுகின்றனர். சிறிய பம்பு ஒன்று நீரைத் தள்ளுகிறது. அந்நீர் செயலியின் மீதுள்ள உலோகக் கட்டியில் வெப்பத்தை ஏற்று, மோட்டார் வாகனத்தில் இருப்பதைப் போன்ற ரேடியேட்டரில் அதனை இறக்கிவிட்டுத் திரும்புகிறது.

இம்முறையின் இதயம் பம்புதான். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பல வழிகள் உள்ளன. வாங்கப் போகும் இளைஞர்களும், பணம் கொடுக்கப் போகும் பெற்றோர்களும் அவற்றுள் எதனைத் தேர்வது எனக் குழம்புவது இயல்பே.

பம்பை ஏன் முழு வேகத்திலேயே ஓடவிடக் கூடாது? ஓசையும் அதிர்வும் முதற் காரணம். அடுத்தது மின்சாரம். இவ்வகைப் பம்புகளுக்குப் பொதுவான இயற்பியல் விதி ஒன்றுண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும்; நீரைத் தள்ளும் அழுத்தம் கால் பங்காகும்; செலவாகும் ஆற்றலோ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்.

ஓட்டம் குறைந்தால் கணினி சூடேறிவிடாதா? ஒரு கணக்கைப் பார்ப்போம். நிமிடத்திற்கு 4 லிட்டர் நீர் ஓடும்போது அதில் 300 வாட் வெப்பம் கலந்தால், நீரின் வெப்பநிலை ஏறுவது ஏறத்தாழ 1 பாகை மட்டுமே. ஓட்டத்தை 2 லிட்டராகக் குறைத்தாலும் ஏற்றம் 2 பாகைதான். ஓட்டம் மிகவும் மெலிந்தால் உலோகத்திலிருந்து நீருக்கு வெப்பம் மாறுவது தளரும் என்பது உண்மையே. ஆயினும் நடுத்தர வேகத்திற்கு மேல் பம்பை விரட்டுவதால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. வெப்பத்தை வெளியேற்றும் பணி பெரிதும் ரேடியேட்டரையும் அதன் விசிறிகளையுமே சார்ந்தது.

இனி வழிமுறைகளைக் காண்போம். இத்துறையில் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது டி5 எனும் பம்பு. ஜெர்மனியின் லேயிங் நிறுவனம் உருவாக்கிய இது, பின்னர் சைலம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவது, கையால் திருகும் முறை. டி5 பம்பின் 'வேரியோ' வகையில், பின்புறம் 1 முதல் 5 வரை எண்ணிட்ட சிறு திருகு உண்டு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,800 சுற்றுகளிலிருந்து 4,800 சுற்றுகள் வரை அதனால் வேகத்தை அமைக்கலாம். மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. கணினி உறைந்து நின்றாலும் பம்பு தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மாற்ற வேண்டுமாயின் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதொன்றே குறை.

இரண்டாவது, மின்னழுத்தத்தைக் குறைக்கும் முறை. 12 வோல்ட்டுக்குப் பதிலாகக் குறைந்த வோல்ட் கொடுத்தால் பம்பு மெதுவாகச் சுழலும். எளியதுதான், ஆனால் இதில் இரு ஆபத்துகள் உள்ளன. ஓடிக்கொண்டிருக்கும் பம்பு தாங்கும் அதே குறைந்த அழுத்தத்தில், நின்ற பம்பு மீண்டும் புறப்படாமல் போகலாம். மேலும், தாய்ப்பலகையில் உள்ள சாதாரண விசிறி இணைப்பு பெரும்பாலும் 1 ஆம்பியர், அதாவது 12 வாட் மட்டுமே தாங்கும். முழு வேகத்தில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும் பம்பை அதில் மாட்டினால், இணைப்பு கருகிப் போகவும் கூடும்.

மூன்றாவது, பி.டபிள்யூ.எம். எனும் துடிப்பு முறை. இதில் பம்புக்குரிய மின்சாரம் மின்வழங்கியிலிருந்து நேரே வருகிறது. தாய்ப்பலகை குறிப்பை மட்டுமே அனுப்புகிறது. நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை எழுந்தடங்கும் அத்துடிப்பு, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் எழுந்து நிற்கிறது என்பதைக் கொண்டு பம்பு தன் வேகத்தை அறிகிறது. நுட்பமான முறைதான். எனினும் குறிப்பு வராதபோது சில பம்புகள் முழு வேகத்திலும், சில நடுத்தர வேகத்திலும் ஓடும். எது எப்படி என்பதை உடன்வரும் கையேட்டில் பார்த்தறிதல் நலம்.

நான்காவது, தனிக் கட்டுப்பாட்டுக் கருவி. நீரின் வெப்பநிலையைத் தானே அளந்து, பம்பையும் விசிறிகளையும் இது நடத்தும். சிறந்ததே, ஆனால் விலை மிகுதி.

இவற்றுள் எதனைத் தேர்வது? 'எது மிகவும் நுட்பமானது?' என்று கேட்பதை விட, 'கட்டுப்பாடு தவறினால் பம்பு ஓடுமா, நிற்குமா?' என்று கேட்பதே அறிவுடைமை. விசிறி நின்றால் கணினி மெல்லச் சூடேறும். பம்பு நின்றாலோ செயலியின் வெப்பம் விரைந்து உயரும். செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இறுதியில் கணினியே அணைந்துவிடும். இரவெல்லாம் செய்த வேலை சேமிக்கப்படாமல் அழிந்து போகலாம்.

ஆகவே பெரும்பாலான இல்லங்களுக்கு நாம் பரிந்துரைப்பது, நிலையான நடுத்தர வேகமே. திருகு வகையாயின் 3ஆம் எண். துடிப்பு வகையாயின் ஏறத்தாழ 60 விழுக்காடு. முதலில் முழு வேகத்தில் ஓட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். பின்னர் ஓசை அடங்கும் வரை படிப்படியாகக் குறையுங்கள். ஒவ்வொரு படியிலும் கடும் வேலை கொடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய படியை விட 2 பாகைக்கு மேல் ஏறினால், ஒரு படி முன்னேறி அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

செயலியின் வெப்பத்தைப் பின்தொடரும்படி பம்பை அமைக்காதீர்கள். செயலியின் வெப்பம் நொடிக்கு நொடி துள்ளும். நீரோ மெல்லவே சூடேறும். செயலியைப் பின்பற்றும் பம்பு வீணே ஏறி இறங்கிக் காதுக்குத் தொல்லை தரும். வெப்பத்திற்கேற்ப மாறும் வேலையை விசிறிகளிடம் விட்டுவிடுங்கள். வெப்பம் குறைந்தால் விசிறியை நிறுத்தும் அமைப்பு சில தாய்ப்பலகைகளில் உண்டு. அது பம்பின் இணைப்புக்குப் பொருந்தாதிருக்கிறதா எனத் தவறாமல் பாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பம்பின் சுற்றுகளை எண்ணிச் சொல்லும் கம்பியைத் தாய்ப்பலகையின் செயலி விசிறி இணைப்பில் மாட்டுங்கள். பம்பு ஓடாவிட்டால், கணினியைத் தொடங்கும்போதே எச்சரிக்கை தோன்றும். அடுத்து, பம்பை ஒருபோதும் நீரின்றி ஓட்டாதீர்கள். டி5 போன்றவற்றில் சுழலும் உறுப்புக்கு உயவும் குளிர்ச்சியும் அந்நீரேதான்.

விலையுயர்ந்த கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செலவிட எண்ணும் பணத்தை நல்ல ரேடியேட்டருக்குச் செலவிடுங்கள். பம்பு அமைதியாக ஓடட்டும். ஆனால் நில்லாமல் ஓடட்டும்!