மட்டையின் விலையும் கல்லூரியின் விலையும்

சென்ற வாரம் தில்லியில் எங்கள் துறையின் வாசிப்பு வட்டத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை குறித்து விவாதம் நடந்தது. ஆய்வுத் தோழர் ஒருவர், "ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது, பணம் தேவைப்படுவோருக்கு மட்டும்தான் உதவி. நம் விளையாட்டு ஒதுக்கீட்டைவிட அது நேர்மையானது அல்லவா?" என்று கேட்டார். நேரமின்மையால் அன்று அரைகுறையாகவே மறுத்தேன். முழு மறுப்பை இங்கே எழுதுகிறேன். பதிவு சற்று நீளும், பொறுத்தருள்க.

தோழர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. 1954ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்குவதில்லை. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், டஃப்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இடம்பெற்றுள்ள என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவிலும் இதே விதிதான். இவற்றில் பயிலும் மாணவிக்குக் கிடைக்கும் உதவி, அவளுடைய குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டுத் தரப்படுவது. தோள்பட்டை முறிந்து அவள் இரண்டாம் ஆண்டிலேயே ஆட்டத்தைக் கைவிட்டாலும் அந்த உதவி நிற்பதில்லை. பந்தெறிவதற்குக் கூலியாகக் கல்வி தரும் ஏற்பாட்டைவிட இது மேன்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தொகையும் சிறிதன்று. 2025–26ஆம் கல்வியாண்டு முதல் ஹார்வர்டில், 1,00,000 டாலர் வரை ஆண்டு வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு, உணவு, உறைவிடம் யாவும் இலவசம். 2,00,000 டாலர் வரை கல்விக் கட்டணம் இல்லை. ஏழைப் பெண் ஒருத்திக்குத் தன் மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட ஹார்வர்டு மலிவாக அமையக்கூடும்.

ஆயினும் இது வாசலைக் கடந்து உள்ளே வந்தவளுக்கு உரிய கணக்கு. வாசல்வரை வந்து சேர்வதற்கான செலவை எந்த நிதியுதவி அலுவலகமும் கணக்கில் எடுப்பதில்லை. என் மறுப்பு அந்தச் செலவைப் பற்றியது.

சாஃப்ட்பாலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஸ்குவாஷ், துடுப்புப் படகு, பாய்மரப் படகு ஆகியவை செல்வர் வீட்டு விளையாட்டுகள் என்று எல்லோரும் அறிவர். அவற்றின் வழியே கல்லூரி இடம் கிடைப்பதைக் குறைகூறுவது எளிது. 2019இல் அம்பலமான சேர்க்கை ஊழலில் பாய்மரப் படகும் வாட்டர் போலோவும் அடிபட்டபோது ஒருவரும் வியக்கவில்லை. சாஃப்ட்பாலோ எளியோரின் ஆட்டம் என்று பெயர் பெற்றது. 1887இல் சிகாகோவின் படகுக் கழகம் ஒன்றில், ஹார்வர்டு–யேல் கால்பந்தாட்ட முடிவுக்காகக் காத்திருந்த பழைய மாணவர்கள் குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாக்கி ஆடியதில் அது பிறந்தது என்பது வழங்கும் செய்தி. (பிறந்த வீட்டுக்கே அது இப்போது திரும்பியிருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.) 1930களின் பெருமந்தக் காலத்தில் அது தொழிற்சாலைக் குழுக்களுக்கும் நகரப் பூங்காக்களுக்கும் பரவியது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 'டைட்டில் ஒன்பது' சட்டம் 1972இல் வந்தபின், பெண்களுக்குக் கல்லூரிகள் திறந்துவிட்ட முதன்மையான ஆட்டங்களுள் ஒன்றாயிற்று. சிற்றூரின் அரசுப் பள்ளியிலும் அதற்கொரு மைதானம் உண்டு. ஆகவே, இந்த ஆட்டத்தின் வழியாவது எளிய வீட்டுப் பெண் உயர்ந்த கல்லூரியை எட்டுவாள் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போகும் இடம், கல்லூரிப் பயிற்றுநர் அவளைப் பார்க்கும் இடம். தேர்ச்சிமிக்க கல்லூரிகளின் பயிற்றுநர்கள் பள்ளி ஆட்டங்களுக்குச் செல்வது அரிது. அவர்களின் கண் 'டிராவல் பால்' எனப்படும் தனியார் கழகக் குழுக்களின் மீதே இருக்கும். பத்து வயதளவில் தொடங்கிப் பள்ளி முடியும்வரை, குடும்பம் ஆண்டுதோறும் கழகக் கட்டணம் செலுத்த வேண்டும். வாரந்தோறும் பந்தெறியும் பயிற்சிக்குத் தனிப் பயிற்றுநர். அவருக்குத் தனிக் கட்டணம். நல்ல காம்போசிட் மட்டை ஒன்றே 400 டாலரை எட்டும். வளரும் பெண்ணுக்கு ஒரே மட்டை ஈராண்டு நீடிப்பதும் அரிது. கோடையில் கொலராடோ, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் நடக்கும் 'ஷோகேஸ்' போட்டிகளுக்கு விமானச் சீட்டு, விடுதி, உடன்செல்லும் பெற்றோரின் விடுப்பு. இவற்றுக்கும் மேலே, மதிப்பெண் உயர்ந்த மாணவியருக்கென்றே நடத்தப்படும் முகாம்கள் வேறு. தேர்ச்சிமிக்க கல்லூரிகளின் பயிற்றுநர்கள் பலர் இரண்டு மூன்று நாள் ஒரே மைதானத்தில் கூடியிருப்பர். அதன் கட்டணமே ஆயிரம் டாலர் அளவில் இருக்கும்.

இச்செலவில் வெளியே தெரியாத ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கோடையில் கடையிலோ உணவகத்திலோ வேலை செய்து வீட்டுக்குப் பணம் கொண்டுவர வேண்டிய பெண் போட்டிக்குச் சென்றால், அவள் வீடு இருமுறை செலவழிக்கிறது: செல்வதற்கான செலவு ஒன்று, வராமற்போன ஊதியம் மற்றொன்று.

பயிற்றுநர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. ஓரிரு துணைப் பயிற்றுநர்களையும் குறைந்த பயணப்படியையும் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுக்கு ஐந்தாறு பேரைத் தேட வேண்டிய நிலையில் இருப்பவர் அவர். நூறு குழுக்கள் ஒரே இடத்தில் ஆடும் வார இறுதியை விட்டுவிட்டு, ஏதோ ஓர் ஊர்ப்பள்ளியின் ஒரே ஆட்டத்துக்கு அவர் ஏன் போகிறார்? தேடும் செலவைக் கல்லூரி மிச்சப்படுத்துகிறது. அந்தச் செலவைக் குடும்பம் ஏற்கிறது. 'தகுதி' என்று பின்னர் பெயர் பெறுவதன் ஒரு பகுதி இதுதான்.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. பயிற்றுநர் விரும்பும் மாணவியின் மதிப்பெண் பட்டியல், பள்ளி இறுதியாண்டுக்கு முந்தைய கோடையிலேயே சேர்க்கை அலுவலகத்துக்குச் சென்று, முன்கூட்டிய கருத்து பெறப்படும். கருத்து சாதகமாயின் பயிற்றுநர் தம் ஆதரவை அளிப்பார். ஆனால் பெரும்பாலும் ஒரு நிபந்தனை உண்டு: 'ஏர்லி டிசிஷன்' முறையில், அதாவது இடம் கிடைத்தால் வேறெங்கும் சேர மாட்டேன் என்ற உறுதியோடு, விண்ணப்பிக்க வேண்டும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்றவற்றில் உண்டு. ஆண்டுச் செலவு 90,000 டாலரை ஒட்டி நிற்கும் கல்லூரியைப் பிற கல்லூரிகளின் நிதியுதவிக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையை அவள் இவ்வாறு இழக்கிறாள். உதவி போதவில்லை என்று பிறகு விலகிக்கொள்ள விதி இடம் தருகிறது என்பது உண்மை. அதற்குள் மற்ற கல்லூரிகளின் குழுப் பட்டியல்கள் நிரம்பிவிட்டிருக்கும். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த உறுதிமொழி ஒரு கையெழுத்து. விலையைப் பார்த்துத்தான் எதையும் வாங்க முடியும் என்ற நிலையிலுள்ள வீட்டுக்கு அது சூதாட்டம்.

விளைவை எண்களில் காணலாம். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐவி லீக்கையும் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டது. உச்ச 1 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து சேர்க்கை பெற்றோரில் எட்டில் ஒருவர் விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கீழ் 60 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து சேர்க்கை பெற்றோரில் இருபதில் ஒருவரே அவ்வாறு வந்தவர். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்த கணக்கு இது. ஹார்வர்டு வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விண்ணப்பதாரர்களில் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை இல்லை என்பதால் பரிசு இல்லை என்றாகிவிடாது. அங்கே இடமே பரிசு.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 2021இல் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு அளித்துவந்த முன்னுரிமையை ஒழித்தது. பாராட்டினோம். அதே கல்லூரி விளையாட்டு முன்னுரிமையைத் தொடர்ந்து வைத்திருக்கிறது. முன்னது பிறப்பால் வருவது, பின்னது உழைப்பால் வருவது என்பது அதற்கான நியாயம். உழைப்பு உண்மைதான், விடியற்காலையில் எழுந்து ஆயிரம் பந்து எறிந்தவள் அந்தப் பெண்ணே. ஆனால் அதே அளவு எறிந்த இன்னொருத்தி எவர் கண்ணிலும் படவில்லை.

அப்படியானால் விளையாட்டுச் சேர்க்கையையே நீக்கிவிடலாமே என்று சிலர் எழுதக்கூடும். எனக்கு உடன்பாடில்லை. முதலில் அடிபடுவது பெண்களின் குழுக்களாக இருக்கும் என்ற அச்சம் எனக்குண்டு. பாதையைத்தான் மாற்ற வேண்டும். பள்ளி ஆட்டங்களின் காணொளிகளை இலவசமாக ஏற்று முறையாகப் பார்க்கலாம். தாம் செல்லும் முகாமில் கட்டணமில்லா இடங்கள் கணிசமாக இருந்தாலன்றிக் கலந்துகொள்ள மாட்டோம் என்று கல்லூரிகள் கூட்டாக அறிவிக்கலாம். நிதியுதவியின் தொகையை எழுத்தில் தந்த பிறகே உறுதிமொழி கேட்கலாம். பல நூறு கோடி டாலர் அறக்கட்டளை நிதி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இவை பெருஞ்சுமை அல்ல.

இனி, தோழர் ஒப்பிட்ட நம் நாட்டுக்கு வருகிறேன். சென்னை ஐ.ஐ.டி. 2024–25 முதல், ஒவ்வோர் இளநிலைப் பாடப்பிரிவிலும் விளையாட்டுச் சாதனையாளருக்கு இரண்டு கூடுதல் இடங்கள் ஒதுக்குகிறது. அவற்றுள் ஒன்று பெண்களுக்கு மட்டும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும். கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது பன்னாட்டுப் போட்டியில் பதக்கம் வென்றிருக்க வேண்டும். முயற்சியை வரவேற்கிறேன். சேர்ந்தபின் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் கேள்வி மீண்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறது. நுழைவுத்தேர்வுப் பயிற்சி நிலையத்துக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் ஒருசேரப் பணமும் நேரமும் தரக்கூடிய வீடு எது? பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் தம் விளையாட்டுச் சேர்க்கையின் வருமானக் கணக்கைத் தாமாக முன்வந்து வெளியிடவில்லை. பெரும்பகுதி நீதிமன்றத்தின் வழியாகவும் வரித் தரவுகளை ஆராய்ந்தோர் வழியாகவும் வெளிவந்தது. இங்கே அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. இவ்வழியில் சேர்ந்தோரில் எத்தனை பேர் முழுக் கட்டணச் சலுகை பெறுகின்றனர், எத்தனை பேர் அரசுப் பள்ளியிலிருந்து வந்தனர் என்ற இரண்டே எண்களை, பெயர்களின்றி, ஆண்டுதோறும் நிறுவனமே வெளியிடலாம். முதல் தொகுதியினர் 2028இல் பட்டம் பெற்று வெளியேறுவதற்குள் அதைக் கேட்டுப் பெறுவதற்கு, இதைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் என்னோடு சேர்ந்து எழுத வேண்டுகிறேன். கடிதத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது. விரும்புவோர் தெரிவித்தால் அனுப்புகிறேன்.