ஒரே பெயர் என்றால் ஒரே ஆளா?



மேட்டுப்பாளையம் எங்கே என்று கேட்டால், நீலகிரி மலையடிவாரத்தைச் சுட்டுவோர் பலர். புதுவை நகரத்துத் தொழிற்பேட்டையைச் சுட்டுவோர் நாம். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. “இரட்டைப் பதிவு” என்று கூறி இவற்றுள் ஒன்றை நாட்டுப் படத்திலிருந்து அழிக்க ஒருவர் புறப்பட்டால் ஊர் சிரிக்காதா? ஆனால், அதே அறிவீனம் வாக்காளர் பட்டியலில் நிகழும்போது அதற்குத் “தூய்மைப் பணி” என்று பெயர் சூட்டுகிறார்கள்!

புதுவையின் நிலவரம் தனித்தன்மை உடையது. இங்கே ஒரு தெருவைத் தாண்டினால் தமிழ்நாடு, மறு தெருவைத் தாண்டினால் புதுவை. விழுப்புரம், கடலூர் மாவட்டத்துத் தொழிலாளர் நாள்தோறும் இங்கு வந்து உழைக்கின்றனர்; சிலர் இங்கேயே குடியேறிவிட்டனர். இரு பட்டியலிலும் ஒருவரே இடம்பெறுவது நடக்கக்கூடியதே. அது கூடாது என்பதில் நமக்கு இருவேறு கருத்து இல்லை. 1950 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18 பிரிவுகள் ஒருவருக்கு ஒரே பதிவுதான் என்று விதிக்கின்றன. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது நமது கொள்கையும் ஆகும்.

கேள்வி வேறு. இரு பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, ஒத்த பெயர்களுக்கெல்லாம் சிவப்பு வண்ணம் தீட்டிவிட்டால் அது தீர்ப்பாகிவிடுமா? முருகன் என்ற பெயரும் ஆறுமுகம் என்ற தந்தை பெயரும் இல்லாத ஊர் தமிழகத்தில் உண்டா? அவ்விருவரையும் ஒருவராக்கி, ஓர் ஏழையின் உரிமையைப் பறிப்பது எளிது. மறுபுறம், ‘லட்சுமி’ ஓரிடத்திலும் ‘இலட்சுமி’ மற்றோரிடத்திலும் பதிவானால், உண்மையான இரட்டைப் பதிவு கணினியின் கண்ணுக்குத் தப்பிவிடும். குற்றமற்றவர் சிக்க, குறையுள்ள பதிவு நழுவும் வலை இது!

2025 மார்ச்சில் தேர்தல் ஆணையம் என்ன கூறியது? வெவ்வேறு மாநில வாக்காளர் சிலரது அடையாள அட்டை எண்கள் ஒன்றாக இருந்தாலும், அவர்கள் போலி வாக்காளர் என்று பொருளில்லை என்றது. எண் ஒத்தும் ஆள் வேறு என்றால், பெயர் ஒத்தது மட்டும் எப்படிச் சான்றாகும்?

அவ்வாண்டு டிசம்பர் 19 இல் வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 97.37 லட்சம் பெயர்கள் நீங்கின. அவற்றுள் இரட்டைப் பதிவு என்று சொல்லப்பட்டவை 3.39 லட்சம் அளவே. ஏனைய பெரும்பகுதி, இறந்தோர், இடம்பெயர்ந்தோர், காணப்படாதோர் என்ற கணக்கில் வந்தவை. இரட்டைப் பதிவைக் காட்டி முழக்கமிடுவோர், காணப்படாதோர் என்றவர்களை எத்தனை முறை தேடினார்கள் என்று முதலில் சொல்லட்டும். இரவு வேலைக்குச் சென்றவன் பகலில் உறங்குவான். பகல் வேலைக்குச் சென்றவள் வீட்டில் இருக்கமாட்டாள். இதை மேட்டுப்பாளையத் தொழிலாளி அறிவான், கணினி அறியுமா?

மற்றொரு அநீதியும் உண்டு. கணினியில் தேடத்தக்க வடிவில் பட்டியல் வேண்டும் என்று கேட்டபோது, 2018 இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஆணையிட மறுத்தது. பொறி அவர்கள் கையில். தாள்கட்டு நம் கையில்! மக்களின் பட்டியலை மக்கள் சரிபார்க்கத் தடை எதற்கு?

எனினும் ஓயோம். ஒத்த பெயரைக் கண்டால் குறியிடுங்கள், அத்துடன் நில்லாதீர்கள். தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, படம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பின்னர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஒருவரே என்று உறுதியானால், எந்த ஊரில் வாழ்கிறாரோ அங்கே பெயரை வைத்துக்கொள்ள உதவுங்கள். உறுதியாகாமல் நீக்கக் கோரும் 7 ஆம் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். பொய்யென்று அறிந்தே உறுதிமொழி அளிப்பது, 31 ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். மாற்றுக் கட்சியினர் செய்தால் குற்றம், நாம் செய்தால் தொண்டு என்ற நியாயம் நமக்கு வேண்டாம்.

வண்ணம் ஐயத்தைக் காட்டலாம். உண்மையை வாசற்படியில்தான் அறியலாம். அந்த வாசற்படிவரை நடப்பவனே தோழன்!