வில்லை வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள்

இரணைமடு வாய்க்காலோரம், வயல் வரம்பு என ஈரம் கண்ட இடத்தில் படரும் வல்லாரையைத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சம்பலாக உண்பது வன்னியின் நல்ல வழக்கம். அது தொடரட்டும். ஆனால், மூளைக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டி ஞாபகசக்தி தரும் என்று விற்கப்படும் மூலிகை வில்லைகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். அவற்றில் பேர்போன கிங்கோ இலைச் சாற்றை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 பேரிடம் ஆறு ஆண்டளவு சோதித்தார்கள். மறதிநோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வெளியானது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கிங்கோ இரத்தக்கசிவு அபாயத்தையும் கூட்டக்கூடும். பிரஷரையும் சீனியையும் கட்டுக்குள் வைத்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் காக்கப்படும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அரச ஆஸ்பத்திரிகளில் அதற்கான சிகிச்சை இலவசம். வீட்டிலுள்ள வயதானவர்களை முதலில் அங்கே கூட்டிச் செல்லுங்கள்.