ஆக்டோபஸுக்கு எட்டுக் கை, கூலிக்கு ஒரு கைகூட இல்லை

"அக்கா, நூத்தம்பதுக்குக் குடுங்க. வீட்ல சும்மா இருக்கறப்போ பின்றதுதானே?"

ஓசூர், பெங்களூர்ப் பக்கம் எந்தக் கைவினைக் கண்காட்சிக்குப் போய் நின்றாலும் பத்து நிமிஷத்துக்குள் இந்த வசனம் காதில் விழுந்துவிடும். மேஜை மேல் உல்லன் நூலில் பின்னிய குட்டி ஆக்டோபஸ், ஆமை, திமிங்கிலம். கடல் என்பதை டிவியில் மட்டுமே பார்க்கிற மலைக்காட்டு ஊர்களில் கடல் பிராணிக்கு வந்திருக்கும் மவுசைப் பாருங்கள்! பேரம் பேசுகிறவர் கெட்டவர் இல்லை. திரும்பும் வழியில் 250 ரூபாய்க்கு ஒரு காபி குடிப்பார், அங்கே பேரம் பேச மாட்டார், அவ்வளவுதான்.

சண்டை அவரோடு அல்ல. அவர் வாயில் வந்த அந்தச் 'சும்மா'வோடு.

முதலில் அந்தச் சும்மாவில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். குரோஷா ஊசி என்பது முனையில் கொக்கி வைத்த ஒற்றைக் குச்சி. நூலை விரலில் ஒரு வளையமாகச் சுற்றி, அதற்குள் ஆறு பின்னல் போட்டு, நூலை இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். இதற்கு மேஜிக் ரிங் என்று பெயர். புதிதாகப் பழகுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் ஊசியைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான். அதைத் தாண்டினால் அடுத்த சுற்றில் ஒவ்வொரு பின்னலுக்குள்ளும் இரண்டு, ஆக 12. அதற்கடுத்து ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, ஆக 18. அப்புறம் 24, 30. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டு மாதிரி விரியும். கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும், குறைத்தால் வாய் மூடும். மூடுவதற்குள் பஞ்சு அடைக்க வேண்டும். இப்போது ஆக்டோபஸ் தலை ரெடி. கைகளுக்கு நீளமாகச் சங்கிலிப் பின்னல் போட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு மூன்று பின்னலைத் திணித்தால் அது தானாகவே சுருண்டு திருகாணி மாதிரி ஆகிவிடும். அந்தச் சுருளில் தப்பெல்லாம் ஒளிந்துகொள்ளும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் ஆக்டோபஸைக் கொடுப்பது அதனால்தான். ஜப்பான்காரர்கள் இந்த வகைப் பொம்மைக்கு அமிகுருமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு எண்ணிக்கை தவறினால் தலை கோணும். டிவி சீரியல் பார்த்துக்கொண்டே பின்னலாமே என்பவர்கள், 24-வது சுற்றில் எத்தனை பின்னல் என்று யாராவது நடுவில் கேட்டால் என்ன ஆகும் என்று பின்னுகிறவரிடம் கேட்டுப் பார்க்கவும். (பதில் அச்சில் ஏற்றும்படி இருக்காது :-))

இந்தப் பின்னலில் ஒரு விசேஷம் உண்டு. இதற்கு மெஷின் கிடையாது. திருப்பூரில் பனியன் துணியை வட்டம் வட்டமாகக் கக்குகிற மெஷின் செய்வது நிட்டிங். அதில் நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஒரே நேரத்தில் ஊசிகளில் தொங்கும், ஆகவே இயந்திரத்துக்குத் தோது. குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் உயிரோடு இருக்கும். அதை வைத்துக்கொண்டே, முன்னால் போட்ட பின்னலில் எங்கே நுழைவது என்று ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்க வேண்டும். கடைகளில் 'குரோஷா லேஸ்' என்று மீட்டர் கணக்கில் விற்கும் மெஷின் சரக்கு பார்வைக்கு அதுபோல் இருக்கும் நிட்டிங் வகை. அப்படியானால், உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் எந்தக் கடையிலும் நிஜமான குரோஷாப் பொம்மை ஒன்று தொங்கினால், யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகக் கையால் போட்டது அது. விலை மலிவாக இருந்தால், மலிந்தது அந்தக் கையின் கூலிதான். மெஷின் மேல் பழி போட வழியே இல்லை.

இனி கணக்கு. பி.காமில் காஸ்ட் ஷீட் போடச் சொல்லித்தருகிறார்கள், ஆனால் அந்தப் பாடத்தில் வருவதெல்லாம் நாற்காலி தொழிற்சாலையும் சிமென்ட் ஆலையும். ஆக்டோபஸுக்குப் போட்டுப் பார்ப்போம்.

தளியில் ஒரு பெண் பின்னுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கை பழகியவர், ஒன்றுக்கு நாலு மணி நேரம். நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்த்து 80 ரூபாய். விற்கும் கடைக்காரருக்கு விலையில் 30 சதவீதம். 150 ரூபாய்க்கு விற்றால் கடைக்கு 45 போக 105. அதில் சரக்குச் செலவு 80 கழித்தால் மிச்சம் 25. நாலு மணி நேரத்துக்கு 25 ரூபாய், அதாவது மணிக்கு ஆறேகால் ரூபாய்.

பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 42. இந்த நாட்டில் அரசாங்கம் ஒரு கூலிக்குப் போடும் மிகக் கீழான எண்களில் அதுவும் ஒன்று. அந்தக் கணக்கிலேயே ஆக்டோபஸுக்குக் கூலி 168, சரக்கோடு 248. கடைக்காரர் பங்கும் சேர வேண்டும் என்றால் 350-ஐத் தாண்டுகிறது. இதில் லாபம் என்று ஒரு பைசா சேர்க்கவில்லை. கரண்ட், பஸ் செலவு, கண்ணெரிச்சல், முதுகு வலி எதுவும் சேர்க்கவில்லை. "350-ஆ! கொள்ளை!" என்கிறவர், நூறு நாள் வேலைக் கூலியைக் கொள்ளை என்கிறார்.

இதே தளியில் ரோஜா வளர்க்கிறார்கள். குளிர் இருக்கிற ஊர், வெள்ளைக்காரன் காலத்தில் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய ஊர். பசுமைக்குடில் போட்டு, பிப்ரவரி 14-ஐக் கணக்கு வைத்துக் கிளை கவாத்து செய்து, ஒரு காம்புக்கு இன்ன விலை என்று பேசி அனுப்புகிறார்கள். காதலர் தினத்துக்கு முந்தின வாரம் விலை ஏறினால் யாரும் போய், "அண்ணே, தோட்டத்துல சும்மா பூக்கறதுதானே, பாதி விலைக்குக் குடுங்க" என்று கேட்பதில்லை. இத்தனைக்கும் நிஜமாகவே தானாகப் பூப்பது ரோஜாதான். ஆக்டோபஸ் தானாகப் பூக்காது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ரோஜா இருக்கும் இடத்துக்குப் பெயர் தோட்டம். ஆக்டோபஸ் இருக்கும் இடத்துக்குப் பெயர் வீடு. வீட்டுக்குள் பெண் செய்தால் அது வேலை இல்லை.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாபுரம் என்று ஒரு ஊர். மிஷனரிகள் கொண்டுவந்த லேஸ் வேலை அங்கே குரோஷாவாகப் பரவி, ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய்ப் பார்த்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெண்கள் வீட்டு வேலை எல்லாம் முடித்து, அதன் மேல் ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னுகிறார்கள். ஒருத்தி பூ மட்டும், இன்னொருத்தி அதைச் சேர்ப்பது மட்டும், என்று தொழிற்சாலை போலவே வேலைப் பிரிவினை. நடுவில் ஏஜென்ட், மேலே ஏற்றுமதியாளர், அவர்கள் ஆண்கள். சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறது, பணம் வருகிறது. பின்னுகிறவருக்குக் கிடைத்ததோ வயலில் கூலிக்குப் போகும் பெண்ணுக்குக் கிடைப்பதை விடக் குறைவு. இதற்கெல்லாம் சொல்லப்பட்ட நியாயம் ஒன்றே ஒன்று: அவர்கள் குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள். எட்டு மணி நேர ஓய்வு! அந்த ஓய்வு யாருக்குத்தான் கிடைக்கும்?

நரசாபுரம் குரோஷாவுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும், போலியைத் தடுக்கும். ஒரு பூவுக்கு எவ்வளவு கூலி என்பதை அது எழுதாது.

நம் பக்கமே இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதி அங்கே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அது கொக்கி ஊசி இல்லை, தலையணையில் குண்டூசி குத்தி நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வகை. அன்றைய திருவிதாங்கூரில் அடிமைகளாக இருந்த குடும்பங்களின் பெண்கள் அதில் கற்று, சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மால்ட் தம்பதியின் மகள் எலைசா கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போய், அங்கேயும் லேஸ் கற்றுக்கொடுத்தார். (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். லேஸ் கற்றுக்கொடுத்தவர் பெயர்?) இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண்ணின் விடுதலைக்கு விலை கொடுத்த நூல் வேலை, இன்று ஒரு பஸ் டிக்கெட்டுக்குக் காணாது என்றால் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிச் சிரிப்பது யார்?

சரி, வாங்குகிறவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. விலையைக் கெடுப்பதில் பின்னுகிறவர்களில் ஒரு பகுதிக்கும் பங்கு இருக்கிறது. பெங்களூர் அபார்ட்மென்டில் நல்ல சம்பளத்தில் இருக்கிறவர் மன அமைதிக்காகப் பின்னுகிறார். ரொம்ப நல்ல விஷயம். வீட்டில் பொம்மை குவிந்துவிட்டதும், "நூல் காசு வந்தால் போதும்" என்று 100 ரூபாய்க்கு ஸ்டால் போடுகிறார். அவருக்கு அது தாராள மனசு. பக்கத்து மேஜையில், அந்தப் பணத்தில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டியவருக்கு அது அடி. அவருக்கும் அவர் கம்பெனிக்கும் நடுவே, சம்பளமே வேண்டாம் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவர் ஒத்துக்கொள்வாரா? காசு தேவையில்லை என்றால் இனாமாகக் கொடுத்துவிடலாம், அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பாதி விலைக்கு விற்பதில்தான் நஷ்டம்.

இனாம் என்பது கேவலமும் இல்லை. டென்மார்க்கில் 2013-ல் குறைமாதக் குழந்தைகளுக்காக ஆக்டோபஸ் பின்னிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 2016-ல் உலகத்தின் மிகப்பெரிய குரோஷாப் போர்வையைப் பின்னி கின்னஸில் ஏறியது. 2018-ல் 58,000-க்கும் மேற்பட்ட குரோஷாப் பொம்மைகளைப் பரப்பி மறுபடியும் ஏறியது. விற்பனைக்கு அல்ல என்று சொல்லிவிட்டுச் செய்தவை இவை. அந்த டென்மார்க் ஆக்டோபஸின் விதிகளைப் பாருங்கள்: நூறு சதவீதம் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும், கை இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ. தாண்டக் கூடாது, இல்லையென்றால் பிஞ்சுக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். இனாமாகக் கொடுப்பதையே இத்தனை கறாராகச் செய்கிறார்கள். சும்மாவாம்!

இதை விட மோசம் இன்னொரு கூட்டம். 'வீட்டிலிருந்தே மாதம் 20,000 சம்பாதியுங்கள்' என்று போஸ்டர். பதிவுக் கட்டணம் கட்டி, அவர்களிடமே கிட் வாங்க வேண்டும். பின்னிக்கொண்டு போனால் "ஃபினிஷிங் சரியில்லை" என்று பாதியைத் திருப்பிவிடுவார்கள். அவர்கள் தொழில் பொம்மை விற்பது அல்ல, கிட் விற்பது. கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போக முடியாமல், கைக்குழந்தையோடு வீட்டில் மாட்டிக்கொண்ட பெண்கள் ஓசூரைச் சுற்றி ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வலை அவர்களுக்குத்தான்.

"விலையை ஏத்தினா யாரும் வாங்க மாட்டாங்க" என்பார்கள். சிலர் வாங்க மாட்டார்கள், உண்மைதான். மணிக்கு ஆறேகால் ரூபாய்க்குப் பத்து விற்பதும் 42 ரூபாய்க்கு இரண்டு விற்பதும் ஒன்றா என்று பாருங்கள். முதலாவதில் 40 மணி நேரத்துக்கு 250 ரூபாய். இரண்டாவதில் 8 மணி நேரத்துக்கு 336. மிச்சம் 32 மணி நேரம் கையில் இருக்கிறது. அதில் தூங்கினாலும் லாபம்தான்.

சட்டம் எதுவும் செய்ய முடியாது என்பதும் பொய். பீடி சுற்றுகிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் சுற்றுகிறார். 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் அவரையும் தொழிலாளி என்றே எழுதியது. அடையாள அட்டை, வைப்பு நிதி எல்லாம் அந்த வழியில் வந்தன. திண்ணையில் பீடி சுற்றினால் தொழிலாளி, அதே திண்ணையில் ஆக்டோபஸ் பின்னினால் 'ஹாபி'. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கென்றே 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் இதுவரை சேரவில்லை. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலாவது அந்த எண்ணைப் பார்த்தவர்கள் சொல்லலாம்.

புதிதாக ஊசி எடுக்கிறவர்களுக்கு: உல்லன் வேண்டாம், பருத்தி நூலில் ஆரம்பியுங்கள், கண்ணி தெளிவாகத் தெரியும். வெளிர் நிறமாக எடுங்கள், கறுப்பு நூலில் பழகினால் கண்தான் போகும். 3 மில்லி ஊசி போதும். கைக்குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண் ஒட்ட வேண்டாம், நூலாலேயே கண் தைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பின்னல் என்பதை அதில் குறிக்க வேண்டும், உட்கார்ந்த நேரமும் எழுந்த நேரமும் கூட. பால் பொங்கி எழுந்து போனால் அதையும் கழித்துவிட்டே எழுதுங்கள். முதல் ஆக்டோபஸ் இரண்டு நாள் இழுக்கும், தலையும் கோணலாக வரும். அதை விற்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். நாலாவது ஐந்தாவது வரும்போது நேரம் ஒரு நிலைக்கு வந்துவிடும். அந்த எண்ணை 42-ஆல் பெருக்கி, நூல் செலவைக் கூட்டி, கடைக்காரர் பங்கையும் சேர்த்து, அட்டையில் விலையை எழுதிக் கட்டுங்கள். விலைக்குக் கீழே எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் எழுதுங்கள். பேரம் பேச வருகிறவர் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.